தனித்தனியாக

சட்டம் எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும்:
வண்டியில் கொண்டுபோனால் குழல் காலியாக இருக்கணும்,
மூடியிருக்கணும்,
தோட்டா வேறிடத்தில்,
லைசென்ஸ் சட்டைப்பையில்.
சட்டைக்காரர் மாசி பதினொன்றில் போய்விட்டார்.
சட்டை இன்னும் ஆணியில்.

களக்காடு ஸ்டேஷனில் ரைட்டர் நிமிரவில்லை.
"எலெக்‌ஷன் நேரம்மா, ஊர்த் துப்பாக்கியெல்லாம்
இங்கதான் அடுக்கிக் கிடக்கு.
பீரோ மூட மாட்டேங்கு.
பாளையங்கோட்டையில ஆயுதக் கடை இருக்கு,
அங்க கொண்டு போடுங்க."
எழுதித் தாங்க என்றேன்.
"இதுக்கெல்லாமா எழுதுவாக?"

அப்படித்தான் அது ஆம்னியின் முன்சீட்டில் ஏறியது,
அவருடைய சாரத்தைச் சுற்றிக்கொண்டு.
பின்னால் போட்டால் வாழைத்தார் ஏற்றும் தகரத்தில் உருளும்.
பெல்ட் மாட்டிவிட்டேன்.
தோட்டா ஏழு.
தூக்குவாளியில் போட்டுப் பழந்துணி அடைத்து
என் சீட்டுக்கு அடியில்.

முப்பத்தோரு வருசம் நாங்களும் இப்படித்தான் போனோம்,
அவர் முன்னால், நான் பின்னால்,
கல்யாண வீட்டுக்கும் கோர்ட்டுக்கும்.
சேர்த்து வைத்தால் ஏதோ ஆகிவிடும் என்பதுபோல.
கடைசி வருசம் மட்டும் இடம் மாறியது:
டயாலிசிஸுக்கு நான் ஓட்ட,
தகரத்தில் மெத்தை போட்டு அவர் படுத்திருந்தார்,
ஒவ்வொரு கியருக்கும் ஒரு முனகல்.
வலியா, என் ஓட்டமா, கேட்டதில்லை.

அந்தத் துப்பாக்கி ஒரு பன்றியையும் கொன்றதில்லை.
வானத்தைப் பார்த்துச் சுடுவார்.
பன்றி கொஞ்சம் யோசித்துவிட்டு
நயினார் வாழைக்குள் போகும்.
விடிந்ததும் நயினார் சண்டைக்கு வருவார்.

சிங்கிகுளம் விலக்கில் பறக்கும் படை.
வீடியோ எடுக்கிற பையனோடு ஒருவர்,
"பணம் எவ்வளவு இருக்கு?"
மூவாயிரத்து இருநூறு.
அவர் முகம் விழுந்துவிட்டது.
"சாரத்துக்குள்ள என்ன?"
துப்பாக்கி.
கேமரா நிமிர்ந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் பெயர் ஜெசிந்தா, வில்லையில் இருந்தது.
லைசென்ஸில் உள்ள மீசையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"இவர் எங்க?"
நகராட்சி முத்திரை வைத்த தாளை நீட்டினேன்.
"அப்ப இது யாருது?"
அதைத்தான் கேட்கப் போய்க்கிட்டிருக்கேன்.

"லைசென்ஸ்காரர் இல்லாம வண்டியில கொண்டுபோகக் கூடாதும்மா."
வீட்டில வச்சுக்கிடலாமா?
"அதுவும் கூடாது."
அப்ப நான் இத எங்க வைக்க?
ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.
அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.
புத்தகத்தில் பதில் இருக்கும்.
அந்த வெயிலில் பக்கம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் போன் பேசி
ஜீப்பில் ஏற்றினார்கள்.
சாரம் வேண்டாமாம், திருப்பித் தந்தார்கள்.
ரசீதில் ஒற்றைக்குழல் ஒன்று, நம்பர்,
"கட்டையில் கீறல் உள்ளது."
கீழே என் கையெழுத்து:
உலகம்மாள், க/பெ லேட் ஆவுடையப்பன்.

பத்மனேரிப் பாலத்துக்கு முந்தின வேகத்தடையில்
சீட்டுக்கு அடியில்
கிலுங்கியது.

ஓரங்கட்டினேன்.
ஏழும் இருந்தன,
பித்தளை அடி பளபளவென்று,
சட்டம் சொன்னபடியே வேறிடத்தில்.
யாரும் கேட்கவில்லை. எனக்கும் ஞாபகம் வரவில்லை.

திரும்பிப் போனால் மறுபடி கேமரா, மறுபடி அந்த மீசை.
போகாவிட்டால்
துப்பாக்கி இல்லாத வீட்டில் ஏழு சத்தம்
மூடிபோட்டுக் கிடக்கும்,
பன்றி வருகிற ராத்திரியெல்லாம் எனக்கு மட்டும் கேட்கும்.
கீழே பச்சையாற்றில் முழங்கால் தண்ணீர்.
அதையும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

பிறகு வண்டியைத் திருப்பினேன்.
தூக்குவாளியைத் துணி எடுத்துவிட்டு, மூடாமல்,
முன்சீட்டில் வைத்தேன்,
என் பக்கத்தில்.